தைக் கல்யாணத்துக்குள் பல் வெளுக்குமா?

பேராக்கில் உள்ள ஒரு தோட்டப்புறச் சிறுநகரிலிருந்து 26 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். செம்பனை ஆலை அலுவலகத்தில் கிராணி வேலை, அங்கே ஒரு நாளில் நாலு தேத்தண்ணி குடிக்கிறாராம். வரும் தையில் கல்யாணம், இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. நிச்சயதார்த்தப் படங்களைப் பார்த்த நாளிலிருந்து வாயை மூடியே சிரிக்கிறாராம். பற்கள் மஞ்சளாக இருக்கின்றன. மேல்வரிசை முன்பல் ஒன்று மட்டும் சாம்பல் நிறம். பத்து வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்ட பல் அது. வலி எதுவும் இல்லை. ஓராண்டாகப் பல் துலக்கும்போது ரத்தம் வருவதால் கீழ்ப்பற்களின் உட்பக்கத்தைத் தொடுவதையே விட்டுவிட்டார். வாரம் இரண்டு முறை எலுமிச்சைச் சாற்றில் சோடா மாவைக் குழைத்துத் தேய்க்கிறார். முதலில் பளிச்சென்று இருந்ததாம், இப்போது ஐஸ் தண்ணீர் பட்டால் கூசுகிறது. பட்டணத்தில் ஓர் அழகு நிலையம் மேல் பத்துப் பற்களுக்கும் ‘வினியர்’ என்னும் மெல்லிய மேலோடு ஒட்டித்தர 800 வெள்ளி கேட்டிருக்கிறது. ஊசி இல்லை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார்களாம். 200 வெள்ளி முன்பணமும் கொடுத்தாயிற்று. பல் டாக்டரிடம் போகலாம் என்றால், “கிளீன் பண்ணினா பல்லு ஆடிப்போகும்” என்று அம்மா தடுக்கிறார். அம்மாவுக்கு இனிப்புநீர் உண்டு. கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: அறுபது வருடமாக வெற்றிலை பாக்குப் போடும் பாட்டிக்கு இப்போதெல்லாம் ரசம்கூட எரிகிறது, வாயை முன்போல் திறக்க முடியவில்லை, “எனக்கும் அப்படி ஆகுமோ என்று பயமாக இருக்கிறது.”

அன்புச் சகோதரி, நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், கேட்காமல் விட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் கடிதத்தில் அவசரமானது அந்தக் கடைசி வரிதான்.

பாட்டியை இந்த வாரமே அழைத்துப் போங்கள்

காரம் தாங்காமல் எரிவதும் வாய் சிறுகச் சிறுகத் திறக்காமல் போவதும் முதுமையின் அடையாளங்கள் அல்ல. பாக்கை ஆண்டுக்கணக்கில் மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்சவ்வுக்கு அடியில் நார் படிந்து, மென்மையாக இருந்த சதை வெளுத்துத் தோல்வார் போல விறைத்துப்போகும். எரிச்சல்தான் பெரும்பாலும் முதலில் தெரியும், விறைப்பு பின்னால் வரும். பாட்டியைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, அவருடைய விரல்களிலேயே மூன்றைச் சேர்த்து, நெட்டுக்குத்தாக முன்பற்களுக்கு இடையில் வைக்கச் சொல்லுங்கள். சாதாரணமாக மூன்று விரலும் நுழையும். இரண்டுதான் நுழைகிறது என்றால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். பிறகு நல்ல வெளிச்சத்தில் கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடி ஆகியவற்றைப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், தடிப்பு என்று ஏதாவது தென்பட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். எதுவும் தென்படாவிட்டாலும் இந்த எரிச்சலுக்காகவே பல் டாக்டர் அவர் வாயைப் பார்க்க வேண்டும்.

புகையிலை சேர்ப்பதில்லையே என்று பாட்டி சொல்லக்கூடும். பாக்கு மட்டுமே போதும். புகையிலை கலக்காத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டில் வகைப்படுத்தியிருக்கிறது. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர்களிடையேதான் அதிகம். அதனால்தான் சுகாதார அமைச்சின் வாய்ப்புற்று முன்னறிதல் திட்டம் தோட்டப்புறங்களைக் குறிவைத்து நடக்கிறது. அரசாங்கப் பல் கிளினிக்கில் வாயைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் பெரிய மருத்துவமனையின் வாய் அறுவை நிபுணருக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். பாக்கை நிறுத்தினால் ஏற்கெனவே வந்த விறைப்பு முழுதாகப் போய்விடாது. ஆனால் அது மேலும் முற்றும் வாய்ப்பும் புற்றாக மாறும் ஆபத்தும் குறையும். அறுபது வருடப் பழக்கத்தை ஒரே நாளில் விடச் சொன்னால் நடக்காது என்பது தெரியும். முதலில் பாக்கையும் சுண்ணாம்பையும் எடுத்துவிட்டு வெறும் வெற்றிலையோடு சோம்போ ஏலக்காயோ கொடுத்துப் பாருங்கள். வாயில் அடக்கிக்கொண்டு தூங்கும் வழக்கம் இருந்தால், அதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிறுத்த வேண்டும்.

உங்களுக்கும் இப்படி ஆகுமா என்றால், இது பரம்பரையாக வருவதல்ல. பாக்குப் போடாதவருக்கு இது வருவது மிக அரிது.

ரத்தம் வரும் இடத்தைத்தான் துலக்க வேண்டும்

இனி உங்கள் பல்லுக்கு வருவோம். ரத்தம் வருவதால் அந்த இடத்தை விட்டுவிட்டேன் என்கிறீர்கள். எல்லாரும் செய்கிற தவறு இது. புண்ணைத் தொடாமல் விட்டால் ஆறும் என்பது கைகாலுக்குப் பொருந்தும், ஈறுக்குப் பொருந்தாது. துலக்கியதால் ஈறு புண்ணாகவில்லை. துலக்காத இடத்தில் படிந்த கிருமிப் படலத்தோடு போராடி ஈறு வீங்கியிருக்கிறது, தொட்டவுடன் கசிகிறது. நீங்கள் விலகிப் போகப் போக அங்கே படலம் தடிக்கும், ரத்தமும் கூடும்.

அந்தப் படலம் எச்சிலில் உள்ள சுண்ணச் சத்தை வாங்கிக்கொண்டு சில நாட்களிலேயே இறுகத் தொடங்கி, இரண்டு வாரத்துக்குள் காரையாகிவிடும். கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில் அது சீக்கிரம் சேர்வதற்குக் காரணம் உண்டு: எச்சில் சுரப்பிகளின் வாய் நாக்குக்கு அடியில், சரியாக அந்த இடத்தில்தான் திறக்கிறது. நீங்கள் துலக்காமல் விட்டதும் அதே இடம். நாக்கு நுனியால் தடவினால் சொரசொரப்பாகத் தெரிகிறது என்றால் அது காரைதான். காரையான பிறகு எந்தப் பிரஷ்ஷும் எந்தப் பற்பசையும் அதை எடுக்காது. கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அம்மாவின் பயத்துக்கு ஓர் அடிப்படை இருக்கிறது, அதை அலட்சியப்படுத்த வேண்டாம். பல வருடம் காரை சேர்ந்த வாயில் ஈறும் எலும்பும் கீழே இறங்கியிருக்கும். இடைவெளிகளை அந்தக் காரையே சிமெண்டு போல நிரப்பிப் பல்லைப் பல்லோடு பிணைத்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் சந்து தெரியும், பல் லேசாக அசைவது தெரியும், காற்றுப் பட்டாலும் கூசும். பார்ப்பவர்கள் கிளீன் செய்ததால் வந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் பல்லின் பிடி முன்பே போய்விட்டது, காரை அதை மறைத்து வைத்திருந்தது. சுத்தம் செய்த பிறகு வீக்கம் வடிந்து ஈறு மறுபடி இறுகப் பிடிக்கும். உங்கள் 26 வயதில், ஓராண்டுக் கதையில், எலும்பு அதிகம் போயிருக்க வாய்ப்புக் குறைவு. டாக்டர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஈறின் ஆழத்தை அளப்பார். மூன்று மில்லிமீட்டர் வரை சரி. நாலு, ஐந்து என்று சொன்னால் ஆழச் சுத்தம் தேவைப்படலாம், ஒரே தடவையில் முடியாது. கூச்சம் சில நாளிலிருந்து ஓரிரு வாரம் இருக்கும், பிறகு அடங்கும்.

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகக் கூடாது, அழைத்தே போக வேண்டும். இனிப்புநீர் கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு அழற்சி இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போகும். நீங்களும் ஒருமுறை ரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

எலுமிச்சையை இன்றோடு விடுங்கள்

பல்லின் மேலுறையான எனாமலின் பலம் அமிலம் பட்டால் போய்விடும். வாயின் அமில அளவைக் காட்டும் pH எண் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும்; எண் குறையக் குறைய அமிலம் கூடும். எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2. சோடா மாவோடு சேரும்போது நுரைக்கிறதே, அது அழுக்கு போவதால் வருகிற நுரை அல்ல, இரண்டும் ஒன்றையொன்று முறிக்கும்போது கிளம்பும் வாயு. மிச்சமிருக்கும் சாறு பல்லை இளக்கிவிடுகிறது, அந்த இளகின மேற்பரப்பை மாவும் பிரஷ்ஷும் சேர்ந்து வழித்தெடுக்கின்றன. முதல் வாரம் பளிச்சென்று தெரிந்தது மேல்கறை எனாமலோடு சேர்ந்து போனதால்தான். எனாமலில் உயிரணு கிடையாது. தேய்ந்தால் திரும்ப வளராது. அதற்கு அடியில் இருக்கும் தந்தினியோ இயல்பிலேயே மஞ்சள். உறை மெலிய மெலிய அந்த மஞ்சள்தான் மேலே தெரியும். வெளுக்க வேண்டும் என்று தேய்ப்பவர்கள் இரண்டு வருடத்தில் முன்னைவிட மஞ்சளாகி நிற்பது இதனால்தான். கரித்தூள், உப்பு, சாம்பல், பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்கும் ‘வைட்னிங்’ பவுடர் எல்லாவற்றுக்கும் இதையே சொல்வேன்.

கூச்சத்துக்கு, பொட்டாசியம் நைட்ரேட் சேர்ந்த பற்பசை பார்மசியில் கிடைக்கும். அதில் ஃபுளோரைடும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரவு துலக்கிய பிறகு கொஞ்சம் விரலில் எடுத்துக் கூசும் இடத்தில் தடவி அப்படியே விட்டுத் தூங்குங்கள். பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும்.

அந்த 800 வெள்ளி வினியர்

போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

முறையான வினியர் என்றால் என்ன என்று தெரிந்தால் வித்தியாசம் புரியும். முதலில் ஈறும் சொத்தையும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, பெரும்பாலும் எனாமலை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் செதுக்கி, அச்செடுத்து, ஆய்வகத்தில் செய்து வாங்கி, விளிம்பு ஈறோரத்தில் நகம் தட்டாத அளவுக்குப் பொருந்தும்படி ஒட்டுவார்கள். செதுக்கிய எனாமல் திரும்ப வராததால் நல்ல டாக்டர்கள்கூட இளம்வயதுக்காரருக்கு இதை எளிதில் சொல்லமாட்டார்கள். அழகு நிலையத்தில் செய்வது, ஆயத்தமாக வாங்கிய மேலோடு ஒன்றைப் பல்மேல் பசை வைத்து ஒட்டுவது. விளிம்பு தடித்து ஈறை அழுத்திக்கொண்டிருக்கும். இரண்டு பல்லுக்கு நடுவில் பசை நிரம்பிப்போனால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலும் நுழையாது. உங்களுக்கோ ஏற்கெனவே ஈறில் ரத்தம். காரையை மூடி, வீங்கிய ஈறின்மேல் ஒட்டினால், கல்யாணத்தன்று வாய் நாறும், அதற்குப் பிறகு உள்ளே சொத்தை ஓடும், கழற்றும்போது எனாமலும் பெயரலாம். சாம்பல் பல்லின் வேரில் சீழ் இருந்தால் அதையும் மூடி மறைத்ததாகும்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டத்தின்படி, மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிந்து அந்த ஆண்டுக்கான தொழிற்சான்றிதழ் வைத்திருக்கும் பல் டாக்டர்தான் இத்தகைய வேலையைச் செய்யலாம். பதிவில்லாமல் செய்பவருக்கு 300,000 வெள்ளி வரை அபராதம், ஆறாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். சுவரில் மாட்டியிருக்கும் மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழ் இதற்கு ஈடாகாது. மன்றத்தின் இணையப் பக்கத்தில் டாக்டரின் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். தனியார் கிளினிக் என்றால் சுகாதார அமைச்சு கொடுத்த பதிவுச் சான்றிதழும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

முன்பணம் 200 வெள்ளியைக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். ரசீது, விளம்பரப் படம், உரையாடல் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தர மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே மனுக் கொடுக்கலாம், மனுவுக்கான கட்டணம் ஐந்து வெள்ளி. மாநிலச் சுகாதாரத் துறையிலும் புகார் செய்யுங்கள். உங்கள் பணம் திரும்பி வராவிட்டாலும் அடுத்த பெண் அந்த நாற்காலியில் உட்காராமல் இருப்பாள்.

ஐந்து மாதத்தில் எதற்குப் பிறகு எது

நேரம் தாராளமாக இருக்கிறது, வரிசை மாறாமல் இருந்தால். முதல் மாதம் பரிசோதனை, சாம்பல் பல்லுக்கு எக்ஸ்ரே, காரை நீக்கம். அரசாங்கக் கிளினிக்கில் செலவு மிகக் குறைவு, ஆனால் தவணை கிடைக்கத் தாமதமாகலாம். அதனால் இன்றே பதிந்துவிடுங்கள். தனியாரிடம் போவதானால் விலையை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். காரை நீக்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் ஈறை மறுபடி பார்ப்பார்கள். அதற்குள் ரத்தம் நின்றிருக்க வேண்டும்.

சாம்பல் பல்லைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை, எனக்கு அதுதான் முக்கியம். அடிபட்டபோது உள்ளே நரம்பு இறந்து, ரத்தத்தின் நிறப்பொருள் தந்தினிக்குள் இறங்கியிருக்கலாம். வலி இல்லை என்பது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது. செத்த நரம்பு வலிக்காது, வேர் நுனியில் சீழ்ப்பை சத்தமில்லாமல் வளரலாம். எக்ஸ்ரே அப்படிக் காட்டினால் வேர் சிகிச்சை செய்ய வேண்டும். முன்பல்லுக்கு ஒரே வேர் என்பதால் ஒன்று முதல் மூன்று தவணையில் முடியும். வெளியிலிருந்து எவ்வளவு ஜெல் தடவினாலும் இந்த நிறம் போகாது. வேர் சிகிச்சைக்குப் பிறகு, வேருக்கு மேலே ஒரு காப்புத் தட்டு வைத்து, பல்லுக்குள்ளேயே வெளுப்பு மருந்தை அடைத்து மூடுவார்கள். வாரம் ஒருமுறை மாற்றி, இரண்டிலிருந்து நாலு தடவையில் பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு வரும். அந்தக் காப்புத் தட்டு வைப்பாரா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதை விட்டுவிட்டால் பின்னாளில் வேர் அரித்துப்போகும் ஆபத்து உண்டு.

மற்ற பற்களுக்கு மூன்றாம், நாலாம் மாதம். பலருக்குக் காரையும் தேத்தண்ணிக் கறையும் போனதுமே போதும் என்றாகிவிடுகிறது. அதனால் முதலில் அதைப் பாருங்கள். அப்படியும் வேண்டுமென்றால், உங்கள் பல் அச்சில் செய்த மெல்லிய தட்டில் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் அரிசி அளவு வைத்து, இரவில் இரண்டு மூன்று வாரம் போடுவதுதான் மெதுவானது, பாதுகாப்பானது. ஈறில் வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். கூசினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள். எனாமல் மெலிந்திருப்பதால் உங்களுக்குக் கூச்சம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். முன்பல்லில் ஏதும் அடைக்க வேண்டியிருந்தால் வெளுப்பு முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் அடைக்க வேண்டும். அதற்கு முன் நிறமும் நிலைக்காது, ஒட்டும் சரியாகப் பிடிக்காது. ஏற்கெனவே உள்ள அடைப்பு வெளுக்காது. வெளுப்பும் நிரந்தரமல்ல, ஓரிரு ஆண்டில் மெல்ல மங்கும்.

எந்த அளவுக்கு வெளுக்கலாம் என்றால், உங்கள் கண்ணின் வெள்ளையைத் தாண்ட வேண்டாம். நம் புலவர்கள் பல்லுக்கு முல்லை அரும்பைத்தான் உவமை சொன்னார்கள். அந்த அரும்பும் காகித வெள்ளையாக இருப்பதில்லை, லேசான பால் மஞ்சள் அதில் உண்டு. நம் தோல் நிறத்துக்கு அழகு அதுதான்.

தினமும்

மென்மையான பிரஷ், 1,000 முதல் 1,500 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பற்பசை, காலையும் இரவும் இரண்டு நிமிடம். பிரஷ் முடிகளை 45 பாகைச் சாய்வில், பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி வைத்து, ஒரு பல் அகலத்துக்குள் மெல்ல அசையுங்கள். கீழ் முன்பற்களின் உட்பக்கத்துக்குப் பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்து நுனியால் துலக்குங்கள். ரத்தம் வந்தாலும் நிறுத்த வேண்டாம், காரை போன பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் குறையும். நுரையைத் துப்பிவிட்டுத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். தோட்டத்தின் சொந்தக் கிணற்று நீரோ ஆற்று நீரோ குடிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், குழாய் நீரில் அரசாங்கம் சேர்க்கும் ஃபுளோரைடு அவர்களுக்குக் கிடைப்பதில்லை. பல்லிடுக்குக்கு இரவில் ஒருமுறை நூல்.

‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்று பெரியவர்கள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் குச்சி எட்டுவது பல்லின் வெளிப்பக்கத்தைத்தான். உங்கள் காரை இருப்பது உள்ளே.

ஆலையில் ஒரு நாளில் நாலு தேத்தண்ணி என்கிறீர்கள். நாலையும் சீனியோடு மெல்ல உறிஞ்சினால் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பல் அமிலத்தில் இருக்கும். இரண்டாகக் குறைத்து, சாப்பாட்டோடு குடித்து, வெறும் தண்ணீரால் வாயை அலசுங்கள். கறைக்குப் பயந்து பாலை நிறுத்த வேண்டாம். பால் சேர்க்காத தே ஓ-வைவிடப் பால் சேர்த்த தேத்தண்ணி கறை கம்மி, சீனியைத்தான் குறைக்க வேண்டும்.

கிளினிக்குக்கு முதல் நாள் போகும்போது மூவரின் அடையாளக் கார்டு, அம்மாவின் மருந்துகளும் கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளும் கையில் இருக்கட்டும். கவுண்டரில் முதலில் பாட்டியின் பெயரைக் கொடுங்கள். வாய் திறக்க முடியவில்லை, எரிச்சல் இருக்கிறது, பாக்குப் போடுகிறவர் என்ற மூன்றையும் சொல்லி, இன்றே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் முறை அதற்குப் பிறகு வரட்டும்.